விமானி வேலைக்கான பயிற்சி: பணம் கட்டுமுன் செலவையும் காலத்தையும் கணக்குப் போடும் முறை

பயிற்சிப் பள்ளியின் விளம்பரத் தாளில் இரண்டு எண்கள் பெரிய எழுத்தில் இருக்கும். ஒன்று மொத்தக் கட்டணம், மற்றொன்று மொத்த மாதங்கள். இரண்டையும் தனித்தனியாகப் படிப்பதில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். மாதம் நீண்டால் கட்டணமும் கூடவே நீளும். 14 மாதம் என்று நம்பிச் சேர்ந்த நான் முடித்து வெளியே வர 26 மாதம் ஆனது. பிறகு ஒரு பள்ளியில் யார் எந்த விமானத்தில் எப்போது பறப்பது என்று எழுதும் ஸ்கெட்யூல் போர்டைக் கவனிக்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தேன். அதே தவறைப் புதிதாக வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செய்வதை அங்கே தினமும் பார்த்தேன்.

கீழே உள்ள வரிசை முக்கியம். ஒரு படியின் விடை தெரியாமல் அடுத்த படியின் கணக்கைச் சரியாகப் போட முடியாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ்கள், பழைய மருத்துவ அறிக்கைகள், ஒரு ஸ்ப்ரெட்ஷீட். பெயரும் இனிஷியலும் எல்லாத் தாள்களிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். லைசென்ஸ் விண்ணப்பத்தைப் பல வாரம் நிறுத்திவைக்க ஒரு புள்ளி வித்தியாசம் போதும். நீங்கள் லைசென்ஸ் வாங்கப்போகும் நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையம் வெளியிட்டுள்ள விதிகளையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்காரர் வாயால் சொல்வது விதி ஆகாது.

1. ஒரு பைசா கட்டுமுன் முதல் வகுப்பு மெடிக்கல்

பெரும்பாலான நாடுகளில் வணிக விமானிக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். கண், காது, இசிஜி, ரத்தம், சிறுநீர், நிறம் பிரித்தறியும் திறன் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருப்பது தானாகத் தடையாகிவிடாது. கண்ணாடியோடு தேவையான அளவு தெரிந்தால் போதும். பலர் மாட்டிக்கொள்வது நிறப் பார்வையில்தான், அது பள்ளிப் பருவத்தில் பலருக்கும் தெரிந்திருக்காது.

இதை முதலில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் எளிது. இந்த ஒரு தாள் கிடைக்காவிட்டால் மீதிப் படிகள் எதற்கும் பொருள் இல்லை. இரண்டாம் வகுப்புச் சான்றை மட்டும் வாங்கிக்கொண்டு சேர்ந்துவிடுவது வழக்கமான தவறு. அதை வைத்துப் பயிற்சியில் தனியாகப் பறக்கலாம், அந்த நாடுகளில் சம்பளத்துக்குப் பறக்க முடியாது. 90 மணி நேரம் பறந்த பிறகு முதல் வகுப்பில் நிறுத்தப்பட்ட ஒரு பையனை எனக்குத் தெரியும். அவன் கட்டிய பணத்தில் திரும்பி வந்தது மிகச் சொற்பம்.

சில நாடுகளில் இரண்டாம் வகுப்பை முடித்த பிறகுதான் முதல் வகுப்புக்குப் போக முடியும். அப்படியானால் இரண்டையும் முடித்துவிட்டுப் பள்ளி வாசலை மிதியுங்கள். சந்திப்பு நேரம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் நாட்காட்டியில் முதல் வரி இதுவாகவே இருக்கட்டும்.

2. எந்த நாட்டு லைசென்ஸ் என்று பின்னாலிருந்து யோசியுங்கள்

“எங்கே பயிற்சி மலிவு?” என்று கேட்டுக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். “எந்த நாட்டில் வேலை பார்க்க எனக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது?” என்பதுதான் முதல் கேள்வி. வேலை உரிமை இல்லாத நாட்டின் லைசென்ஸ், பூட்டு இல்லாத சாவி மாதிரி.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ அடிப்படை அளவுகளைச் சொல்கிறது. வணிக விமானி லைசென்ஸான சிபிஎல்லுக்கு 200 மணி நேரம், அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியாக இருந்தால் 150. விமானத் தலைவராகப் பறக்க உதவும் ஏடிபிஎல்லுக்கு 1500 மணி நேரம். இதன் மேல் ஒவ்வொரு நாடும் தன் விதியைக் கட்டுகிறது.

அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ, பொதுவான வழியில் சிபிஎல்லுக்கு 250 மணி நேரம் கேட்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பாடத்திட்டம் உள்ள பள்ளியில் 190. ஆனால் அங்கே பெரிய விமான நிறுவனத்தில் துணை விமானியாக உட்காரவே ஏடிபி அளவு தேவை, அதாவது வழக்கமாக 1500 மணி நேரம். குறிப்பிட்ட பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு அது 1000 வரை குறையும். ஐரோப்பாவின் இயாசா முறையில் சுமார் 200 மணி நேரத்திலேயே துணை விமானி இருக்கைக்குப் போக வழி உண்டு, ஆனால் 13 எழுத்துத் தேர்வுகள் முன்னால் நிற்கும். இந்தியாவின் டிஜிசிஏ சிபிஎல்லுக்கு 200 மணி நேரம் கேட்கிறது, தேர்வுகளில் தேர்ச்சிக்கு 70 சதவீதம் வேண்டும்.

இந்த எண்கள் உங்கள் பட்ஜெட்டையே மாற்றிவிடும். அமெரிக்க வழியில் சிபிஎல் கையில் கிடைத்தபின் வேலைக்கு இன்னும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மணி நேரம் பாக்கி. அதைப் பெரும்பாலோர் இன்ஸ்ட்ரக்டராகச் சம்பளம் வாங்கிக்கொண்டே சேர்க்கிறார்கள். வேலை அனுமதி இல்லாத வெளிநாட்டு மாணவருக்கு அந்தக் கதவு எளிதில் திறக்காது. இதை யோசிக்காமல் போய் 260 மணி நேரத்தோடு திரும்பி வருபவர்கள் ஏராளம்.

ஒரு நாட்டில் பயிற்சி, இன்னொரு நாட்டில் வேலை என்றால் லைசென்ஸ் மாற்றத்துக்குத் தனி வரி போடுங்கள்: தேர்வுகள், பறப்புச் சோதனை, ஆவணச் சரிபார்ப்பு, காத்திருப்பு. மொத்த மணி நேரம் சரியாக இருந்தாலும் உட்பிரிவு இடிக்கலாம். ஐசிஏஓ அளவின்படி சிபிஎல்லுக்குத் தலைமை விமானியாக, அதாவது விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்று, 100 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். தொடர் பயிற்சி என்றால் 70. குறைந்தது 540 கிலோமீட்டர் நீளமான ஒரு கிராஸ் கன்ட்ரி, அதாவது வேறு ஊர்களுக்குப் போய்வரும் பறப்பு, இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கி முழுவதும் நின்றதாக இருக்க வேண்டும். அந்த ஒரு பறப்பை பறப்புப் பதிவேடான லாக்புக்கில் அரைகுறையாக எழுதிவிட்டு, பின்னால் அதற்காகவே மறுபடி விமானம் வாடகைக்கு எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. மூன்று வழிகளில் எது உங்களுக்கு

முழுநேர ஒருங்கிணைந்த படிப்பு, தொகுதி தொகுதியாகப் படிப்பது, விமான நிறுவனமே ஆளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்பும் கேடட் திட்டம் என்று மூன்று வழிகள்.

ஒருங்கிணைந்த படிப்பு வேகமானது, விலையும் கூடுதல். நடுவில் நிறுத்தினால் அதுவரை கட்டியதற்குத் தனியாக ஒரு லைசென்ஸ் கையில் வராமல் போகலாம். தொகுதி முறையில் தனியார் விமானி லைசென்ஸ், மணி நேரச் சேர்ப்பு, சிபிஎல், வெளியே பார்க்காமல் கருவிகளைக் கொண்டு பறக்கும் தகுதியான ஐஆர் என்று ஒவ்வொன்றும் தனித்தனி. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், பணம் தீர்ந்தால் நிறுத்தலாம். இதில் ஆபத்து இடைவெளிதான். இரண்டு தொகுதிகளுக்கு நடுவே ஆறு மாதம் விட்டால் பழைய கை வராது.

கேடட் திட்டத்தில் ஒப்பந்தத்தை வரிக்கு வரி படியுங்கள். “நிபந்தனையுடன் கூடிய வேலைக் கடிதம்” என்பது வேலை அல்ல. எந்தக் கட்டத்தில் தேர்ச்சி பெறாவிட்டால் வெளியே அனுப்புவார்கள், அப்போது பணம் என்னாகும், எத்தனை ஆண்டு பாண்ட், விமான நிறுவனமே ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டால் பாண்ட் யாரைக் கட்டும் என்ற கேள்விகளுக்குத் தாளில் பதில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், பணம் கடனாக வருகிறது, உங்கள் நாட்டில் தொகுதி முறையும் உண்டு என்றால் அதையே முதலில் பாருங்கள். இறங்கிக்கொள்ள நடுவில் படிகள் இருக்கும்.

4. விளம்பர விலையைப் பிரித்து எழுதுங்கள்

பணத்தின் பெயரை மறந்துவிட்டு, பயிற்சி விமானத்தின் ஒரு மணி நேர வாடகையை 1 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் 175 மணி, இரட்டை எஞ்சினில் 25 மணி என்று ஒரு திட்டம். இரட்டை எஞ்சின் வாடகை இரண்டரை மடங்கு என்று எடுத்துக்கொண்டால்:

175 + (25 × 2.5) = 237.5 அலகு.

விளம்பரத்தில் வருவது இதுதான். இது விதி கேட்கும் குறைந்தபட்ச மணி நேரம். அந்தக் குறைந்தபட்சத்திலேயே எல்லாச் சோதனையும் தேறி முடிப்பவர்கள் அபூர்வம். ஒற்றை எஞ்சினில் 15 சதவீதம் கூடுதலாக 26 மணியும், இரட்டை எஞ்சினில் 5 மணியும் சேருங்கள். 237.5 + 26 + 12.5 = 276. விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம் சேர்க்குமுன்பே 16 சதவீதம் ஏறிவிட்டது. என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் இந்த 276-ஐத்தான் “உண்மை விலை” என்று எழுதச் சொல்வேன்.

பிறகு பள்ளியிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை. வாடகையில் எரிபொருள் அடக்கமா, விலை ஏறினால் கூடுதல் யார் தலையில்? நேரத்தை ஹாப்ஸ் மீட்டரில் எடுக்கிறார்களா, டாக்கோ மீட்டரிலா? ஹாப்ஸ் பொதுவாக எஞ்சின் ஓடும் கடிகார நேரத்தைக் காட்டும். டாக்கோ எஞ்சின் சுழற்சியைப் பொறுத்தது, தரையில் மெதுவாக ஓடும்போது மெதுவாகவே நகரும். ஓடுபாதை வரிசையில் 20 நிமிடம் நிற்கும் பரபரப்பான விமான நிலையத்தில் இந்த வித்தியாசம் பாக்கெட்டில் உறைக்கும்.

பறப்புக்கு முன்னும் பின்னும் இன்ஸ்ட்ரக்டர் பேசும் நேரத்துக்குக் கட்டணமா? இறங்கும் கட்டணம், தேர்வாளர் கட்டணம், தோற்றால் மறுதேர்வுக்கு விமான வாடகை எல்லாம் யார் கணக்கு? சிமுலேட்டர் மணி எவ்வளவு, அதில் லைசென்ஸ் கணக்கில் சேர்வது எவ்வளவு? “எல்லாம் அடக்கம்” என்று பதில் வந்தால், எது அடக்கம் இல்லை என்று திருப்பிக் கேளுங்கள். அப்போதுதான் தாள் வெளியே வரும்.

5. விமானங்களை எண்ணுங்கள், மாதம் தானாகத் தெரியும்

பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் வகுப்பறையையும் சிமுலேட்டரையும் பார்த்துவிட்டு வருவார்கள். நீங்கள் விமானங்களை நிறுத்தும் கொட்டகையான ஹாங்கருக்குப் போங்கள். கவர் போட்டு ஓரமாக நிற்பதையும், எஞ்சின் இல்லாமல் நிற்பதையும் கழித்துவிட்டு, இன்று பறக்கும் நிலையில் இருப்பதை மட்டும் எண்ணுங்கள். பிறகு பறந்துகொண்டிருக்கும் மாணவர்கள் எத்தனை பேர் என்று மாணவர்களிடமே கேளுங்கள், அலுவலகத்தில் கேட்க வேண்டாம்.

உதாரணம்: 40 மாணவர்கள், 4 விமானங்கள். ஆளுக்கு 200 மணி என்றால் 8000 மணி. ஒரு விமானம் மாதம் 60 மணி பறக்கிறது என்று வைத்தால் நான்கும் சேர்ந்து 240. 8000-ஐ 240-ஆல் வகுத்தால் 33 மாதம். விளம்பரத்தில் 14 மாதம் என்று இருக்கும். இந்தக் கூட்டல் கழித்தலை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

நான் கவனித்த போர்டில் ஒரு மாணவியின் சாதாரண வாரம் இது. தினமும் 1.2 மணி என்று ஆறு நாள் ஸ்லாட். திங்கள் காலை பனிமூட்டம், ரத்து. செவ்வாய் பக்கக் காற்று, தனியாகப் பறக்கும் சோலோவுக்குப் பள்ளி வைத்த வரம்பைத் தாண்டியது. புதன் 1.1 மணி பறந்தார். வியாழன் விமானம் 100 மணி நேரப் பரிசோதனைக்குள் போனது. வெள்ளி இன்ஸ்ட்ரக்டரை இன்னொருவரின் பறப்புச் சோதனையான செக் ரைடுக்கு இழுத்துக்கொண்டார்கள். சனி 0.9 மணி. திட்டம் 7.2, பறந்தது 2. வாரம் 2 மணி என்றால் 200 மணிக்கு 100 வாரம், கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு. வாரம் 5 என்றால் 40 வாரம்.

பத்து நாள் பறக்காமல் வருபவரின் முதல் அரைமணி, போன முறை கற்றதை நினைவுக்குக் கொண்டுவருவதிலேயே போகும். இறங்கும்போது கடைசியில் மூக்கைத் தூக்கும் ஃப்ளேரின் உயரம் தவறும், ரேடியோவில் வாய் குழறும், சோலோ அனுப்பத் தயங்கும் இன்ஸ்ட்ரக்டர் தானும் கூட உட்காரும் டூயல் பறப்பு இன்னொன்று போடுவார். அதற்கும் மீட்டர் ஓடுகிறது. முந்தைய படியில் சேர்த்த 15 சதவீதம் இங்கிருந்துதான் வருகிறது. வாரம் மூன்று முறையாவது பறக்க முடியாத காலத்தில், உதாரணமாக மழைப் பருவத்தில், பறப்பைத் தொடங்காமல் தேர்வுக்குப் படிப்பதே மேல்.

ஆகவே பள்ளியிடம் கேட்க வேண்டியது “எத்தனை மாதத்தில் முடியும்?” என்பதல்ல. “கடைசியாக முடித்த பத்து பேர் எந்தத் தேதியில் சேர்ந்தார்கள், எந்தத் தேதியில் லைசென்ஸ் வாங்கினார்கள்?” என்று கேளுங்கள். சொல்ல மறுத்தால் அதுவே பதில்.

6. எழுத்துத் தேர்வுகளை எங்கே வைப்பது

பறப்பதற்கு முன்பே பெரும்பகுதியை முடிப்பது நல்லது. வழிநடத்தல், வானிலை, விதிகள் தெரிந்தவர் கிராஸ் கன்ட்ரியில் மீட்டர் ஓடும்போது வரைபடம் படிக்கக் கற்றுக்கொண்டிருக்க மாட்டார்.

ஆனால் தேர்ச்சிக்குக் காலாவதி உண்டு. இயாசா முறையில் முதல் முயற்சி எழுதிய மாதத்தின் முடிவிலிருந்து 18 மாதத்துக்குள் எல்லாப் பாடங்களையும் முடிக்க வேண்டும். முடித்த பிறகு சிபிஎல்லும் ஐஆரும் வாங்க 36 மாதம். எஃப்ஏஏவின் சிபிஎல் எழுத்துத் தேர்வு முடிவு 24 மாதம் செல்லும். எல்லாவற்றையும் முதல் ஆண்டிலேயே எழுதிவிட்டுப் பணத்துக்காகப் பறப்பைத் தள்ளிப்போட்டவர், கடைசியில் தேர்வை மறுபடி எழுதுவார்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒவ்வொரு தாளுக்கும் பக்கத்தில் காலாவதித் தேதியைச் சிவப்பில் போடுங்கள். மெடிக்கலுக்கும் அதே. செக் ரைடுக்கு முந்தின வாரம் மெடிக்கல் முடிந்துபோனதால் தேர்வாளர் திரும்பிப் போன காட்சி பார்க்கவே சங்கடமானது.

7. பணத்தைக் கட்டும் விதம்

முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டினால் சலுகை என்பார்கள். வேண்டாம். பள்ளி மூடினால், முன்பணம் கட்டியவர்கள் பள்ளியிடமிருந்து பணம் வர வேண்டியவர்கள் வரிசையின் கடைசியில்தான் நிற்பார்கள். 10 அல்லது 20 மணி நேரத்துக்கான தொகையைக் கணக்கில் போட்டுப் பறந்து கழிப்பது பாதுகாப்பு. பள்ளி சம்மதிக்காவிட்டால், கட்டத்துக்கு ஒரு தவணை என்றாவது பேசுங்கள்: சோலோ, தனியார் லைசென்ஸ், சிபிஎல், ஐஆர். இன்னொரு பலனும் உண்டு. பணம் உங்கள் கையில் இருக்கும்வரை உங்கள் பெயர் போர்டில் மேலே இருக்கும். இதைப் போர்டு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கடன் என்றால் படிக்கும் காலத்து வட்டியைக் கணக்கில் சேருங்கள். 100 அலகுக் கடன், ஆண்டுக்கு 10 சதவீதக் கூட்டு வட்டி, மூன்று ஆண்டு எதுவும் கட்டாமல் விட்டால் 133 ஆகிவிடும். மொத்தமாக எடுக்காமல் தவணைக்குத் தவணை எடுத்தால் இது குறையும்.

8. லைசென்ஸுக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவே உள்ள காலம்

பட்ஜெட் போடும் எல்லோரும் லைசென்ஸ் தேதியோடு நிறுத்திவிடுகிறார்கள். வேலைக்கான தேர்வு, நேர்முகம், சிமுலேட்டர் மதிப்பீடு, குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதியான டைப் ரேட்டிங், வழக்கமான பயணங்களில் பறந்தே பெறும் லைன் டிரெய்னிங் எல்லாம் அதன் பிறகுதான். அந்த இடைவெளிக்கு 12 மாத வாழ்க்கைச் செலவை ஒதுக்கச் சொல்வேன். அந்த மாதங்களில் கை மறக்காமல் இருக்க மாதம் ஓரிரு மணி பறக்கவும் பணம் வேண்டும். இயாசா முறையில் ஐஆர் ஓர் ஆண்டுதான் செல்லும், புதுப்பிக்கச் சோதனை உண்டு. எஃப்ஏஏ முறையில் ஆறு மாதத்துக்குள் ஓடுபாதையை நெருங்கும் அப்ரோச்சுகள் ஆறாவது கருவிகளை நம்பிப் பறந்திருக்க வேண்டும்.

ஏ320 அல்லது பி737 டைப் ரேட்டிங்கைச் சொந்தப் பணத்தில் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கையில் வேலைக் கடிதம் இல்லாமல் வாங்காதீர்கள். எந்த நிறுவனம் எந்த விமானத்துக்கு எடுக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. ஏ320 ரேட்டிங்கை வைத்துக்கொண்டு பி737 மட்டும் வைத்திருக்கும் நிறுவனத்தின் வாசலில் நிற்க நேரும். ஓர் ஆண்டு போனால் ரேட்டிங்கே காலாவதி ஆகி, சிமுலேட்டரில் மறுபடி பணம் போகும். விளம்பரத்திலேயே “ரேட்டிங் உள்ளவர் மட்டும்” என்று தொடர்ந்து வந்தாலும், அந்த அறிவிப்பு எத்தனை மணி நேர அனுபவம் கேட்கிறது என்று கடைசி வரிவரை படியுங்கள். பெரும்பாலும் அங்கே 500 மணி என்று ஒரு முள் இருக்கும்.

9. நிறுத்தும் இடங்களை இப்போதே எழுதுங்கள்

பாதி வழியில், பணமும் பதற்றமும் கலந்த நேரத்தில் யாராலும் நிதானமாக முடிவெடுக்க முடியாது. அதனால் சேர்வதற்கு முன்பே மூன்று வரிகள் எழுதி, பணம் போடும் பெற்றோரிடமோ அண்ணனிடமோ காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

முதல் வரி, முதல் சோலோ. சராசரியை விட எத்தனை மணி தாண்டினால் இன்ஸ்ட்ரக்டரை மாற்றிப் பார்ப்பேன்? இரண்டாவது, நாட்காட்டி. தொடர்ந்து மூன்று மாதம் திட்டத்தில் பாதிகூடப் பறக்காவிட்டால் எந்தப் பள்ளிக்கு மாறுவேன்? மாறும்போது பயிற்சிப் பதிவுகளையும் கையெழுத்திட்ட லாக்புக்கையும் கேட்டு வாங்க வேண்டும் என்பதால், பதிவுகளின் நகலை மாதம் ஒருமுறை எடுத்து வையுங்கள். சண்டை வந்த பிறகு கேட்டால் கோப்பு கிடைக்காது. மூன்றாவது, கையிருப்பு. எவ்வளவு மீதம் இருக்கும்போது பறப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்ப் பணம் சேர்ப்பேன்?

மூன்றாவது வரிக்கான எண்ணை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: அடுத்த லைசென்ஸை முடிக்கத் தேவையான தொகையும் அதற்கு மேல் 20 மணி நேர வாடகையும். அதற்குக் கீழே போனால் அந்தக் கட்டத்தைத் தொடங்காதீர்கள். பாதியில் நின்ற ஐஆர் பயிற்சியை ஒரு வருடம் கழித்து எடுத்த நான், முதல் ஐந்து பறப்புகளில் புதிதாக எதையும் கற்கவில்லை.